துளை விழுந்த ஆராய்ச்சி

உலகத்தில் விஞ்ஞானிகள் இரண்டு ஜாதி. ஆராய்ச்சி செய்கிறவர்கள் ஒரு ஜாதி. அவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை, அவர்கள் பாட்டுக்கு எங்கோ கண்ணாடிக் குழாயும் கையுமாகச் சோறு தண்ணீர் மறந்து கிடக்கிறார்கள், கிடக்கட்டும். இன்னொரு ஜாதி, அந்த ஆராய்ச்சியைப் பற்றிப் பாதி படித்துவிட்டு மீதியைத் தாங்களே செய்து முடிக்கிறவர்கள். இவர்களுக்குக் கண்ணாடிக் குழாய் வேண்டாம். ஒரு சாய்வு நாற்காலி, ஒரு மூக்குக் கண்ணாடி, எதிரே தப்பி ஓட வழியில்லாத ஓர் ஆள். போதும்.

உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? நீங்கள் தலை வலிக்கிறது என்றால் மற்றவர்கள் தைலம் தருவார்கள், இவர் புள்ளிவிவரம் தருவார். நீங்கள் பாசார் சந்தையில் பூசணிக்காய் வாங்கிக்கொண்டு உங்கள் பாட்டுக்கு நடந்து போவீர்கள், இவர் வழிமறித்து, காயை மேலும் கீழும் பார்த்து, "பூசணியா? ம்ம்ம்…" என்று இழுப்பார். அந்த 'ம்ம்'மிலேயே உங்கள் பூசணிக்காய்க்கு விஷம் ஏறிவிடும். ஏன், என்ன என்று கேட்டீர்களோ, தொலைந்தீர்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் குழம்பு கிடையாது.

இந்த ஜாதியில் கலப்படம் இல்லாத ஓர் உருப்படியைப் பார்க்க வேண்டுமானால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷத்து பிரிக்பீல்ட்ஸுக்குப் போக வேண்டும். அங்கே கிளாரன்ஸ் கிராணி இருந்தார். கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் ஆபீசில் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு, சட்டைப் பையில் மடித்த பத்திரிகை, உயர்த்தத் தயாராக ஒரு ஆள்காட்டி விரல். அவரைப் பற்றி இந்த உலகத்தில் அதிகம் தெரிந்தவள் அவர் மனைவி கெர்ட்ரூட் என்று நினைப்பீர்கள். இல்லை. அவர் தங்கை சாந்தமேரி. பாவம், கெர்ட்ரூடுக்குப் பதினைந்து வருஷத் தொல்லைதான். சாந்தமேரி ஆறு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அண்ணனுடைய ஆராய்ச்சிகள் எங்கிருந்து வருகின்றன என்பதும் அவளுக்குத் தெரியும். லண்டனில் அச்சாகும் ஒரு வாரப் பத்திரிகை கப்பலேறி ஒரு மாதம் கடலில் ஆடிக் கிள்ளான் துறைமுகத்துக்கு வரும். பிறகு துரை ஒரு மாதம் படிப்பார். அதன் பிறகு துரைசானி ஒரு மாதம் வெட்டுவாள். ஆமாம், வெட்டுவாள். கம்பளிச் சட்டை பின்னும் முறை, புட்டிங் செய்யும் முறை, நாய்க்குட்டிப் படம் என்று தனக்கு வேண்டியதையெல்லாம் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆபீசுக்கு அனுப்புவாள். அந்த மிச்சம்தான் கிளாரன்ஸ் கிராணியின் கைக்கு வரும் 'புத்தம் புது ஆராய்ச்சி'.

ஒரு பக்கத்தில் கத்தரி பட்டால் அதன் முதுகும் சேர்ந்து போகும் அல்லவா? ஆகவே கிராணியின் விஞ்ஞானத்தில் அங்கங்கே சதுரமாகவும் நீளமாகவும் துளைகள். வேறொருவராக இருந்தால், அடடா மீதியைக் காணோமே என்று வாயை மூடிக்கொண்டிருப்பார். கிராணியா மூடுவார்? "புத்தி உள்ளவனுக்குப் பாதி போதும் லா," என்பார். நெஞ்சுத் துடிப்பைக் காகிதத்தில் கோடு கோடாக வரைகிற மின்சார மிஷின் ஒன்று வந்திருக்கிறது, அந்தக் கோட்டைப் பார்த்த மாத்திரத்தில் டாக்டர்… என்பதோடு ஒரு கட்டுரை புட்டிங்குக்குப் பலியாகிவிட்டது. மீதியை இவர் முடித்தார்: "…அந்த ஆள் பொய் சொல்றானா இல்லையான்னு சொல்லிடுவாராம்!" மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற அத்தனை ஆண்களும் இந்தச் செய்தியைக் கேட்டு ஒரு கணம் நெஞ்சைத் தடவிக்கொண்டார்கள்.

வீட்டிலும் ஆராய்ச்சி சும்மா இருக்காது. ஐரோப்பாவில் ஒரு கணித மேதை, எவ்வளவு ஒழுங்காகக் கணக்கு சாஸ்திரத்தைக் கட்டினாலும் அதற்குள் உண்மையாக இருந்தும் நிரூபிக்க முடியாத விஷயங்கள் சில இருந்தே தீரும் என்று காட்டியிருந்தார். துளை விழாத கட்டுரை அது. அதிசயமாக முழுசாகவே வந்தது. அதை வைத்து அவர் என்ன செய்தார் என்கிறீர்கள்?

"அடுப்படியில மூடி வச்சிருந்த பணியாரத்துல நாலைக் காணோம். நீங்கதானே தின்னீங்க?" என்றாள் கெர்ட்ரூட்.

"உண்மையா இருக்கலாம் கெர்ட்டி. ஆனா நிரூபிக்க முடியாது. கணக்கு சாஸ்திரமே ஒத்துக்கிட்டாச்சு."

"உதட்டுல வெல்லம் ஒட்டியிருக்கு. தொடச்சிட்டு நிரூபிங்க."

இதுவரைக்கும் சிரிக்கலாம். பணியாரத்தோடு நின்றிருந்தால் நானும் இதை எழுத வேண்டியதில்லை.

சாந்தமேரியின் கணவன் ரபேல் அச்சுக் கோப்பவர். பிரிக்பீல்ட்ஸிலேயே இராமலிங்கம் முதலாளியின் அச்சுக்கூடத்தில் பதினோரு வருஷ வேலை. நல்ல கை. முதலாளி ஒரு கல்யாணப் பத்திரிகையின் விஷயத்தை வாயால் சொல்லி முடித்துத் தும்முவதற்குள் ரபேல் பாதியைக் கோத்திருப்பார். காலை முதல் மாலை வரை விரல் நுனியில் ஈய எழுத்து. இரண்டு கையும் வேலையாக இருந்தால் அவசரத்துக்கு ஓரிரண்டு எழுத்தை உதட்டில் கவ்விக்கொள்வார். பத்து மணிக்குக் காப்பிக் கடையிலிருந்து வடை வரும். அதே விரலால் பிட்டு அங்கேயே தின்பார். எல்லாரும் அப்படித்தான் தின்றார்கள். அச்சுக்கூடத்தின் பின்னால் ஓர் அறையும் சமையல் இடமும் முதலாளி கொடுத்திருந்தார். ரபேல், சாந்தமேரி, இரண்டு பெண் குழந்தைகள், நாலு பேரும் அதில்தான். வேலை போனால் கூரையும் போகும்.

ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் தொடங்கியதிலிருந்து ரபேலுக்கு வயிற்றுவலி. சும்மா வலி இல்லை. வயிற்றுக்குள்ளே ஈரத்துணியைப் போட்டுப் பிழிவதுபோல் என்றார். முகம் வெளுத்துவிட்டது. மலச்சிக்கல் வேறு. மனிதர் சுருண்டு படுத்த நாள் மூன்று. கெட்ட நேரம், மூன்றும் திங்கட்கிழமையாகப் போயிற்று.

"பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன் அண்ணே," என்று சாந்தமேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் சொன்னாள்.

"அவசரப்படாதே சாந்தா." விரல் எழுந்தது. மூக்குக் கண்ணாடி கழன்றது. "குவாண்டம்னு ஒண்ணு வந்திருக்கு, கேட்டிருக்கியா?"

"அது என்ன மருந்தா?"

"மருந்தா! அடியே, அணுவுக்குள்ளே இருக்கிற சின்னஞ்சிறு துணுக்கு. அது எங்கே இருக்குன்னு நீ உத்துப் பார்த்தா, நீ பார்த்த காரணத்துக்காகவே அது போற போக்கு மாறிடும். ஜெர்மனிக்காரன் கண்டுபிடிச்சிருக்கான். அப்ப நோய் மட்டும் என்னவாம்? மாப்ளை வயித்துல ஏதோ ஒரு மூலையில சிவனேன்னு கிடக்கு. நீ டாக்டரைக் கூட்டி உத்துப் பார்க்க வச்சியோ, கிளம்பிப் போய் நெஞ்சுல உட்கார்ந்துக்கும். இது நான் சொல்லலை லா. லண்டன் சொல்லுது."

ஜெர்மனிக்காரன் சொன்னது அணுவுக்குள் இருக்கும் துணுக்கைப் பற்றி. ரபேலின் வயிற்றைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாந்தமேரிக்கும் மனசுக்குள் ஏதோ உதைத்தது. ஆனால் அண்ணன் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை பாஸ் பண்ணினவர். தான் கன்னியர் மடத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பும் தையலும். சின்ன வயதில் அவர் வாய் திறந்தால் அவளுக்குப் பெருமையாக இருக்கும், உண்மையைச் சொன்னால் இப்போதும் கொஞ்சம் இருந்தது. அந்தக் கொஞ்சம்தான் காலை வாரியது. ஆஸ்பத்திரி தள்ளிப் போயிற்று.

அடுத்த வாரத்துப் பத்திரிகையில் 'பட்டறையும் உடல் நலமும்' என்று ஒரு கட்டுரை. கிராணி அதைப் படித்துவிட்டு, காப்பிக் கடையில் இராமலிங்கம் முதலாளி எதிரே உட்கார்ந்தார். முதலாளி கெட்டவர் அல்ல. சித்திரை மாதத் திருவிழா நோட்டீஸ்களும் கல்யாணப் பத்திரிகைகளும் குவிந்து கிடக்க, நல்ல கைக்காரன் திங்கள்தோறும் படுத்துக்கொண்டால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"உங்க மாப்பிள்ளைக்கு என்னதான் கிராணி? திங்கக்கிழமை வந்தா வயித்தைப் பிடிச்சுக்கிறாரு."

இந்த இடத்தில் சாதாரண மைத்துனன் என்ன சொல்வான்? பாவம், உடம்பு சரியில்லை முதலாளி, கொஞ்சம் பொறுத்துக்குங்க என்பான். ஆனால் ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் இந்த ஜாதிக்கு மாப்பிள்ளை என்ன, மாமனார் என்ன! சட்டைப் பையிலிருந்து பத்திரிகை வெளியே வந்தது. கிராணி இங்கிலீஷில் படித்துத் தமிழில் சொன்னார்:

"'அச்சுக் கோப்பவர்களுக்கு வரும் வயிற்றுவலி லீவு ஆசையால் வருகிறது. அதனால்தான் பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் தலைகாட்டுகிறது…' பார்த்தீங்களா முதலாளி? திங்கக்கிழமைன்னே போட்டிருக்கான்!"

"அடேயப்பா!" என்றார் முதலாளி. "அப்புறம்?"

அப்புறம் துளை. ஒரு சாண் நீளத்துக்கு நல்ல சதுரத் துளை. அதன் வழியே கிராணிக்கு முதலாளியின் காப்பிக் கோப்பை தெரிந்தது.

"அப்புறம் என்ன," என்றார் கிராணி, கொஞ்சமும் தயங்காமல். "கண்டிப்பா இருந்தா தானாப் போயிடும்னு முடிக்கிறான்."

முதலாளி மறுநாளே கண்டிப்பாக இருந்தார். இன்னும் ஒரு நாள் லீவு எடுத்தால் வேலையும் இல்லை, அறையும் இல்லை என்று ரபேலிடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "நானா சொல்றேன்? ஆராய்ச்சி சொல்லுது. உங்க மச்சானையே கேளுங்க."

ரபேல் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். "நான் சோம்பேறியா சாந்தா?" என்று கேட்டார். அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அண்ணன் வாயை ஊசி நூலால் தைத்துவிடலாமா என்றிருந்தது.

அதற்குப் பிறகு ரபேல் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. வலி வரும்போது எழுத்துப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பத்து நாள் ஓடியது. வலது கை மணிக்கட்டு அவர் பேச்சைக் கேட்க மறுத்தது, தூக்கினால் தொங்கியது. ஒரு புதன்கிழமை, கோயில் திருவிழா நோட்டீஸ் ஒரு பக்கம் முழுக்கக் கோத்து முடித்துத் தட்டோடு தூக்கியவர், தூக்கிய இடத்திலேயே விட்டுவிட்டார். நானூறு ஐநூறு எழுத்தும் தரையில். கொம்பும் காலும் புள்ளியும் எழுத்தும் தனித்தனியாக மூலைக்கு மூலை ஓடின. மற்றவர்கள் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்கள்.

"திங்கக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்," என்றார் முதலாளி. "அப்புறம் நீங்க வேற இடம் பாருங்க ரபேல். எனக்கும் வேற வழியில்லை."

சாந்தமேரிக்கு ஒரு கைத்தொழில் இருந்தது. கன்னியர் மடத்தில் கற்ற பின்னல் வேலை. அண்ணன்தான் துரைசானியிடம் சொல்லிப் பிடித்துக் கொடுத்தார், அந்த நன்மையையும் சொல்லத்தானே வேண்டும். சீமைக்கு அனுப்பும் குழந்தைச் சட்டைகளை அவள் பின்னிக் கொடுப்பாள். அன்று வியாழக்கிழமை. துரைசானி கம்பளி நூலையும், பின்னும் முறை அச்சடித்த ஒரு காகிதத் துண்டையும் கொடுத்து அனுப்பியிருந்தாள். கைப்பகுதி வரை பின்னிய பிறகு முறை நடுவில் நின்றது. தொடர்ச்சி பின்பக்கம் இருக்குமோ என்று சாந்தமேரி காகிதத்தைத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் கம்பளியைக் காணோம். எழுத்துக் கூட்டி, தெரியாத வார்த்தையைத் தாண்டி, மறுபடி திரும்பி வந்து வாசித்தாள்.

'…என்றுதான் முதலாளிமார் இதுநாள்வரை எண்ணினர். அந்த எண்ணம் தவறு. வலி கண்ட அச்சுத் தொழிலாளர்களை மருத்துவர்கள் சோதித்ததில், விரல் வழியாகவும் உணவு வழியாகவும் ஈயம் உடம்பில் ஏறியிருப்பது தெரிந்தது. இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கீழ் உதட்டை இழுத்து ஈறைப் பாருங்கள். பல்லோரமாகக் கருநீலக் கோடு இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. தாமதித்தால் மணிக்கட்டு தளர்ந்து கை விழுந்துவிடும்…'

கை விழுந்துவிடும். அதற்குக் கீழே இருந்ததை அவள் வாசிக்கவில்லை. பின்னல் ஊசியைக் கீழே வைத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ரபேல் வந்தார். தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றில் கை வைக்கப் போனார்.

"கையை எடுங்க!"

"கழுவிட்டேன் சாந்தா."

"விரலைப் பாருங்க, கருப்பா இருக்கு. அது கிடக்கட்டும். வாயைக் காட்டுங்க."

"வாயையா? என்னடி இது, மாட்டுச் சந்தையா?"

"காட்டுங்கங்கிறேன்ல!"

அவள் போட்ட சத்தத்தில் இரண்டு பெண் குழந்தைகளும் ஓடி வந்து வாசலில் நின்றன. ரபேல் முகத்தை நீட்டினார். அவள் உதட்டை இழுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில், நாவற்பழம் தின்ற வாய்போல, மெல்லிசாக ஒரு கோடு. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. இத்தனை நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது. யாராவது பார்த்திருந்தால் நெஞ்சுக்கும் ஓடியிருக்காது, வயிற்றுக்கும் ஓடியிருக்காது.

ஆஸ்பத்திரியில் டாக்டரின் உதவியாளர், டிரஸ்ஸர் நாகையா முதலில் பார்த்தார். அவரிடம் இருந்தது ஒரு கை விளக்கு. ஒரு பார்வை பார்த்தார், "எத்தனை வருஷமா ஈயத்துல வேலை செய்றீங்க அண்ணே?" என்றார், பெரிய டாக்டரைக் கூப்பிட்டார், அரை மணி நேரத்தில் ரபேல் கட்டிலில் படுத்திருந்தார். "நல்ல வேளை லா அக்கா, இப்பவாவது வந்தீங்க. கை திரும்பிடும். மெதுவாத் திரும்பும். ஏன் இத்தனை நாள் வரலை?"

ஏன் வரவில்லை? குவாண்டம் என்று சொல்வதா? சாந்தமேரி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமையே முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. ரபேல் ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன, அரண்மனையில் படுத்தால் என்ன, லீவு லீவுதான். திங்கட்கிழமை அறையைக் காலி செய்து கொடுக்க வேண்டும். சாந்தமேரி போய்ச் சொல்லிப் பார்த்தாள். முதலாளி தலையை ஆட்டினார். "நீ சொல்றே தங்கச்சி. உங்க அண்ணன் பேப்பரைக் காட்டிச் சொன்னாரே. நான் யாரை நம்புறது?"

ஆக, கதவைப் பூட்டிய வாய்தான் அதைத் திறக்கவும் வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் அவள் கிளாரன்ஸ் வீட்டுக்குப் போனாள். கிராணி வாசலில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, சாலாக் செலாத்தானிலிருந்து வந்த இரண்டு உறவுக்காரர்களுக்கு ஒளி அலையா துகளா என்று விளக்கிக்கொண்டிருந்தார். உறவுக்காரர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு பாதி எழுந்த நிலையில் முக்கால் மணி நேரமாக நின்றிருந்தார்கள்.

"அண்ணே, அந்தப் பட்டறைக் கட்டுரையை எடுங்க."

"எதுக்கு? மாப்ளைக்கு இப்ப எப்படி இருக்கு? நான் என்ன சொல்றேன்னா, ஆஸ்பத்திரியில அந்த மின்சார மிஷின்…"

"எடுங்க அண்ணே."

அவள் குரல் புதிதாக இருந்தது. எடுத்தார். சாந்தமேரி தன் காகிதத் துண்டைத் திருப்பி அந்தத் துளைக்குள் வைத்தாள். ஓரம் ஓரத்தோடு சேர்ந்தது. கிராணி குனிந்து வாசித்தார். வாசிக்க வாசிக்க, தூக்கி வைத்திருந்த விரல் மெல்ல மெல்ல இறங்கி மடியில் வந்து படுத்தது.

"இது… அச்சுப் பிழையா இருக்குமோ?" என்றார், பழக்கதோஷம்.

"பிழை அச்சுல இல்லீங்க," என்றாள் கெர்ட்ரூட் உள்ளேயிருந்து.

"நடங்க," என்றாள் தங்கை. "முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் அச்சுக்கூடம். முதலாளிகிட்ட எப்படி வாசிச்சீங்களோ அப்படியே வாசிக்கணும். இந்தத் தடவை முழுசா."

கிராணியின் முகம் வெளிறியது. பிரிக்பீல்ட்ஸில் அவர் சொன்னது தவறு என்று இதுவரை அவர் மனைவியைத் தவிர யாரும் சொன்னதில்லை. "நான் சொன்னது தப்புன்னு நானே போய் நாலு பேர் முன்னாடி சொல்றதா? என் பேரு என்ன ஆகும் சாந்தா? நாளைக்குக் கோயில் வாசல்ல எவன் என்னை மதிப்பான்?"

"உங்க பேரு பெரிசா, என் புருஷன் கை பெரிசா? சொல்லுங்க. அதுக்கு லண்டன் என்ன சொல்லுது?"

லண்டன் ஒன்றும் சொல்லவில்லை. கிராணி கோட்டை மாட்டிக்கொண்டார். சந்தடியில்லாமல் செருப்போடு நழுவிய உறவுக்காரர்களை யாரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரபேல் பால் குடித்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் எழுத்துப் பொறுக்கிய கை, கோப்பையைப் பிடிக்க முடியாமல் மணிக்கட்டில் தொங்க, இடது கையால் அதைத் தாங்கிக்கொண்டு குடித்தார். மைத்துனரைக் கண்டதும், "வாங்க மச்சான், உட்காருங்க. என்ன புதுசா ஆராய்ச்சி?" என்று சிரித்தார். அவர் குத்திக் காட்டவில்லை, மரியாதைக்காகக் கேட்டார். அதுதான் கிராணியைத் தாங்க முடியாமல் செய்தது. அவர் கோப்பையை வாங்கி, ரபேல் வாயருகே பிடித்தார். பால் தீரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் அவ்வளவு நேரம் சும்மா இருந்து சாந்தமேரி பார்த்ததே இல்லை. பயந்தே போனாள்.

அச்சுக்கூடத்தில் விளக்கு ஏற்றுகிற நேரம். இராமலிங்கம் முதலாளியும் நாலு அச்சுக் கோப்பவர்களும் சுற்றி நின்றார்கள். கிராணி பத்திரிகையைத் துண்டோடு சேர்த்துப் பிடித்து, தலைப்பிலிருந்து கடைசிப் புள்ளி வரை, ஒன்று விடாமல் வாசித்துத் தமிழில் சொன்னார். அந்தப் பணியாரக் கணக்கை விட்டால், வாழ்நாளில் அவர் ஒரு கட்டுரையின் கடைசிப் பத்தியைக் கண்டது அநேகமாக அன்றுதான். நகத்தை பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று துண்டின் அடியில் இருந்தது. எழுத்துப் பெட்டி அருகே சாப்பிடக் கூடாது, எழுத்தை வாயில் வைக்கக் கூடாது, நோய் கண்டவரை ஈயத்திலிருந்து விலக்கி வைத்தால் பெரும்பாலோருக்குக் கை திரும்பும் என்றும் இருந்தது.

முதலாளி முகவாயைத் தடவினார். "அன்னைக்கு ஆராய்ச்சி வேற மாதிரி சொன்னிச்சே கிராணி?"

வாசகரே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த ஜாதிக்காரருக்கு இந்த இடத்தில் நூறு வழி உண்டு. ஆராய்ச்சி மாறிவிட்டது என்று சொல்லலாம். விஞ்ஞானம் வளர்கிறது என்று சொல்லலாம். உங்களுக்குப் புரியும்படி அன்று சுருக்கிச் சொன்னேன் என்று பழியை முதலாளி தலையிலேயே கட்டலாம். கிராணியின் வாயில் மூன்றும் வந்து நின்றதைச் சாந்தமேரி பார்த்தாள். விரல்கூடப் பாதி எழுந்துவிட்டது.

"ஆராய்ச்சி மாறலை முதலாளி," என்றார். "நான்தான் பாதி படிச்சேன். மீதியை நானாச் சொன்னேன். ரபேல் சோம்பேறி இல்லை."

யாரும் சிரிக்கவில்லை. சாந்தமேரிக்கு அண்ணன்மேல் இருந்த கோபம் அந்த இடத்திலேயே கரைந்து, கண்ணில் தண்ணீராக வந்தது. சின்ன வயதில் இருந்த பெருமை திரும்பி வந்தது. இந்த முறை அதற்கு ஒரு காரணமும் இருந்தது.

முதலாளி நாலு பேரையும் வரிசையாக நிறுத்தி உதட்டை இழுத்துப் பார்த்தார். இரண்டு பேருக்குக் கோடு இருந்தது. பிறகு யாருக்கும் தெரியாமல் கண்ணாடி அருகே போய்த் தன் உதட்டையும் இழுத்துப் பார்த்துக்கொண்டார். திங்கட்கிழமை அறை காலியாகவில்லை. வடை எழுத்துப் பெட்டியைவிட்டு வாசலுக்குப் போயிற்று. வாளியும் சவுக்காரமும் பிரஷும் உள்ளே வந்தன. ரபேல் ஐந்து மாதம் கழித்துத் திரும்பினார். ஈயத்தின் பக்கமே விடாமல், அச்சான தாளைப் படித்துப் பிழை திருத்தும் மேசையில் முதலாளி அவரை உட்கார்த்தினார். கை முக்கால்வாசி திரும்பிவிட்டது. கோப்பையைத் தானே பிடிப்பார்.

ஆகவே கிளாரன்ஸ் கிராணி திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் முடிக்க ஆசைப்பட்டேன். அந்தச் சனிக்கிழமை திருந்தினவர் ஞாயிறு காலை பூசை நடுவரை திருந்தியே இருந்தார். பூசை முடிந்தது. வாசலில் ஜனம். ஒரு மாமி லேசாக வயிற்றைத் தடவிக்கொண்டே படி இறங்கினாள். அவ்வளவுதான்.

"வயித்து வலியா ஆன்டி? ம்ம்ம்… கொஞ்சம் உதட்டைக் கீழே இழுங்க, பார்ப்போம்."

அந்த மாமி வாழ்நாளில் ஓர் ஈய எழுத்தைத் தொட்டதில்லை. காலையில் பலாப்பழம் தின்றிருந்தாள். அதற்கு என்ன? அடுத்த மூன்று மாதம் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரை ஒரு வாய் பாக்கியில்லை. பல்வலிக்காரன், இருமல்காரன், மணமேடைக்கு ஏறப்போன மாப்பிள்ளை, எல்லாருடைய ஈறும் கிராணியின் கண்ணுக்கு வந்து போயிற்று. தமக்கு வேலை மிச்சமாகிறதா கூடுகிறதா என்று டிரஸ்ஸர் நாகையாவுக்கே தெரியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். கருநீலக் கோடு என்று படித்த இடத்தில் உங்கள் நாக்கு மெதுவாகப் போய் ஈறைத் தடவிப் பார்த்ததா இல்லையா? அதில் தவறில்லை. கண்ணாடியில் ஒரு முறை பார்த்துக்கொண்டால்கூட மன்னிக்கலாம். ஆனால் அடுத்த வீட்டுக்காரர் "வயிறு ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னதும், நீங்கள் எங்கே படித்தீர்கள், யார் எழுதினது, அது கதையா கட்டுரையா என்பதெல்லாம் மறந்து, ஒரு விரலை உயர்த்தி, "ஈயமா இருக்கும் அண்ணே, ஒரு ஆராய்ச்சி சொல்லுது…" என்று தொடங்கினீர்கள் என்றால், தயவுசெய்து அந்த விரலைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அது ஏற்கெனவே அவர் உதட்டின் மேல் இருக்கும்.